காதுக்காரரின் மஞ்சள் கேமரா

அந்தத் தெருவில் பாஸ்போர்ட் போட்டோ என்றால் காதுக்காரர் கடைதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்குகிறது. "முடிய ஒதுக்குங்க, ரெண்டு காதும் தெரியணும், இங்க பாருங்க" என்று கால் நூற்றாண்டுக்கு மேல் சொல்லிச் சொல்லி, ஊருக்கு அவர் காதுக்காரராகவே நிலைத்துவிட்டார். கடை சின்னது. ஒரு வெள்ளைத் திரை, குடை விரித்த இரண்டு விளக்குகள், ஏற்றி இறக்குகிற ஸ்டூல், சுவரில் ஒரு கண்ணாடி, அதன் கீழே நூலில் கட்டித் தொங்கும் சீப்பு. முன்பெல்லாம் சீப்பு மட்டும் காணாமல் போகும். நூல் கட்டியதிலிருந்து நூலும் சேர்ந்து போகிறது.

அவருடைய "இங்க பாருங்க"வுக்கு ஒரு சக்தி இருந்தது. அழுகிற குழந்தை பார்க்கும். அவசரமாக வந்த வக்கீல் பார்ப்பார். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்த புருஷனும் பெண்டாட்டியும்கூடச் சண்டையை நடுவில் நிறுத்திவிட்டு அவரைப் பார்ப்பார்கள். குரலை உயர்த்தவே மாட்டார். அந்தக் குரலால்தான் பிற்பாடு வம்பு வந்தது, அதற்கு வருகிறேன்.

கடைக்கு மேல் மாடியில் வீடு. அவருடைய மனைவி டவுன் பஸ் ஓட்டுகிறவர், தெருவுக்கே டிரைவரம்மா. நாற்பதைத் தாண்டிய பிறகு, டிப்போவில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸைப் பார்த்துவிட்டு, துறைமுகத்தை ஒட்டிய கிளப்பில் பாய்மரப் படகு கற்றுக்கொள்ளப் போனார். எல்லாரும் சிரித்தார்கள். டிரைவரம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனார். ஒரே வருஷத்தில் சுக்கான் பிடியை ஸ்டியரிங் மாதிரி பிடிக்கக் கற்றுக்கொண்டார். ஆனால் அந்தப் படகுக்கு இரண்டு பேர் வேண்டும். பின்னால் இருப்பவர் ஓட்டுவார். முன்னால் இருப்பவர் முன்பாயின் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, காற்று படகைச் சாய்க்கும்போது எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்த்துப் பாரமாக இருக்க வேண்டும். டிரைவரம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கனமான பொருள் இரண்டுதான் இருந்தன, பீரோவும் புருஷனும். பீரோவுக்கு நீந்தத் தெரியாது.

இப்படித்தான் காதுக்காரர் கடலுக்குப் போனார். போனவர் பெருமைப்படவும் ஆரம்பித்தார். தன்னைப் பற்றி இல்லை. தனக்கு என்ன வேலை என்பது அவருக்குத் தெரியும். பெண்டாட்டி காற்றைப் படிக்கிற விதத்தைப் பார்த்துத்தான். தண்ணீர் எங்கே கறுக்கிறது, எந்தப் பக்கமிருந்து அடுத்த வீச்சு வருகிறது என்று டிரைவரம்மாவுக்கு முன்கூட்டியே தெரிந்தது. இரண்டாவது வருஷமே கிளப்பின் பருவப் போட்டியில் முதலிடம். மூன்றாவது வருஷமும் அதேதான்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் ஜெயித்தவரின் படம் ஒன்றைக் கூடத்துச் சுவரில் மாட்டுவார்கள். அந்தப் பருவத்திலேயே, தண்ணீரின் மேலேயே எடுத்த படமாக இருக்க வேண்டும். கீழே படகின் எண்ணும் வருஷமும் மட்டும் இருக்கும், பேர் இருக்காது. டிரைவரம்மாவின் முதல் வெற்றிக்கு மாட்டிய படத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பாய் இருந்தது. பாய்க்குப் பின்னால் யாரோ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டாவது படத்தில் காதுக்காரர் இருந்தார். முழுசாக, தெளிவாக, லைஃப் ஜாக்கெட்டைப் பிதுக்கிக்கொண்டு வரும் தொப்பையோடு, பல் தெரியச் சிரித்தபடி. தொப்பைக்குப் பின்னால் ஒரு முழங்கையின் நுனி தெரிந்தது. அந்த முழங்கைதான் சாம்பியன்.

எடுத்தவன் டிரைவரம்மாவின் தம்பி. கிளப்பின் மீட்புப் படகை ஓட்டுகிறவன். "மாமா, நான் என்ன பண்றது?" என்றான். "ஒரு பக்கம் போனா பாய் மறைக்குது, மறுபக்கம் போனா உங்க ரெண்டு பேர் முதுகுதான் தெரியுது, முன்னால வந்தா நீங்க மறைக்கிறீங்க. அக்கா மூஞ்சி தெரியணும்னா உங்க இடத்துல உக்காந்துதான் எடுக்கணும்."

அவன் சொன்னது உண்மைதான், ஆனால் அதனால் யாருக்கும் ஆறுதல் வந்துவிடாது. கிளப்புக்கு வந்த புது ஆட்கள் சுவரைப் பார்த்துவிட்டு நேராகக் காதுக்காரரிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "சார்தானா போன வருஷச் சாம்பியன்?" என்று ஒருவர் கேட்டார். பக்கத்தில் நின்ற டிரைவரம்மாவிடம் "உங்களுக்கும் படகுல ஆர்வம் உண்டாம்மா?" என்று வேறு விசாரித்தார். டிரைவரம்மா சிரித்துக்கொண்டே "கொஞ்சம் உண்டு" என்றார். காதுக்காரருக்குத்தான் மானம் போயிற்று. ஊரில் உள்ள முகத்தையெல்லாம் எடுத்துத் தந்தவன், சொந்தப் பெண்டாட்டியின் முகத்தைச் சுவரில் ஏற்ற முடியாமல், அவள் சம்பாதித்த பேரையும் சேர்த்துத் தான் அடித்துக்கொண்டு நிற்கிறானே என்று தன்னையே நொந்துகொண்டார்.

அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அடுத்த பருவத்திலிருந்து டிரைவரம்மாவை ஒற்றை ஆள் படகுக்கு மாற்றுவதென்று கிளப் முடிவு செய்திருந்தது. வெளியூர்ப் போட்டிகளுக்கு அனுப்பப் போகிறார்களாம். பெரிய மரியாதைதான். ஆனால் ஒற்றை ஆள் படகில் முன்னால் உட்கார இடம் கிடையாது. அந்த முகத்தை அந்த இடத்திலிருந்து எடுக்க இந்தப் பருவம் ஒன்றுதான் பாக்கி. அதிலும் ஜெயித்தால்தான் படம் சுவருக்குப் போகும்.

முதலில் அவர் தன் ஸ்டூடியோ கேமராவையே நம்பினார். தண்ணீர் புகாத தடித்த பிளாஸ்டிக் பை ஒன்று வாங்கி, கேமராவை அதற்குள் வைத்து மூடி, பயிற்சி நாளன்று கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார். கால் மணி நேரத்தில் பைக்குள் ஆவி படிந்தது. வெளியே துடைத்தால் உள்ளே பூத்தது. உள்ளே துடைக்க வேண்டுமென்றால் பையைத் திறக்க வேண்டும், திறந்தால் கடல். அதுவும் போகட்டும். காற்று பின்பக்கமிருந்து வந்துகொண்டிருந்த நேரம், ஆவி கொஞ்சம் விலகியது. வெயில் சரியாக டிரைவரம்மாவின் கன்னத்தில் விழுந்தது. காதுக்காரர் கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கேமராவைத் தூக்கி, பழக்க தோஷத்தில், வாயைத் திறந்தார்.

"இங்க பாரு."

சாலையில் ஓட்டும்போது பக்கத்தில் வாணம் விட்டாலும் திரும்பாத டிரைவரம்மா, அந்தக் குரலுக்குத் திரும்பிவிட்டார். அந்த ஒரு நொடி போதும். படகு மூக்கைத் திருப்பியது, பாய்க்கு அடியில் கிடந்த குறுக்குக் கட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வீசிக்கொண்டு வந்தது. தலைக்கு வந்தது தொப்பியோடு போயிற்று. தொப்பி ஒரு பக்கம், காதுக்காரர் ஒரு பக்கம், படகு கவிழ்ந்து ஒரு பக்கம். கிளப் வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

கவிழ்ந்த படகின் அடிப்பலகையைப் பிடித்துக்கொண்டு டிரைவரம்மா தண்ணீரைத் துப்பினார். "என் பஸ்ஸுல என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க."

"டிரைவரோட பேசக் கூடாதுன்னு."

"இனிமே படகுல என்னை எங்கயும் பாக்கச் சொல்லாதீங்க. நான் பாய் ஓரத்தைப் பாக்கணும், தண்ணியைப் பாக்கணும். உங்களைக் கரைக்குப் போய்ப் பாத்துக்கறேன்."

இரண்டாவது முயற்சியை அவர் நிதானமாகச் செய்தார், அதாவது அவருக்கு நிதானம் என்று பட்டதைச் செய்தார். புதிதாக ஒரு கேமரா, தண்ணீருக்கென்றே செய்தது. பின்பக்கம் முழுக்கத் தொடுதிரை. எவ்வளவு ஆழத்துக்குப் போகலாம், எவ்வளவு தூரத்தை இழுத்துக் காட்டும், படம் எவ்வளவு நுணுக்கமாக விழும் என்றெல்லாம் அலசி எடுத்த கேமரா. வீட்டுக்கு வந்ததும் குளியலறை வாளியில் அதை மூழ்கடித்துவிட்டு, ஒரு மணி நேரம் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே எடுத்தால் பிரமாதமாக வேலை செய்தது. "ஆழம் தெரியாம காலை விடலை பாத்தியா?" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

வாளித் தண்ணீர் அலையடிக்காது என்பது அவருக்குக் கடலில்தான் உறைத்தது. தெறித்து விழுந்த ஒவ்வொரு துளியையும் திரை ஒரு விரல் என்று நினைத்துக்கொண்டது. ஒரு துளி மொழியை மாற்றியது. இன்னொரு துளி வீடியோவைத் தொடங்கி வைத்தது. அவர் தொட்டால் மட்டும் அது அசையவில்லை, ஏனென்றால் கையில் கயிறு அறுக்காமலிருக்க உறை போட்டிருந்தார். கரைக்கு வந்து பார்த்தபோது ஏராளமான படங்கள் இருந்தன, எல்லாம் கடல் தன் இஷ்டத்துக்கு எடுத்தவை. மச்சான் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "மாமா, கடலுக்கு உங்க மூக்குத் துவாரத்து மேல அப்படி என்ன பிரியம்?" என்று கேட்டான்.

சாப்பாட்டு மேசையில் டிரைவரம்மா அந்தக் கேமராவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை எங்க உக்காந்து தேர்ந்தெடுத்தீங்க?"

"கடையிலதான்."

"ஸ்டூல்ல உக்காந்தா?"

"ஆமா, ஸ்டூல் போட்டாங்க."

"படகுல நீங்க ஸ்டூல்லயா உக்காறீங்க? இதை மாத்திக் குடுப்பாங்களான்னு கேப்போம், நானும் வரேன்."

மறுநாள் டிரைவரம்மா கேமராக் கடைக்குப் படகுக் கையுறைகளோடு வந்தார். வாசலிலேயே அவற்றை ஒரு பாட்டில் தண்ணீரில் நனைத்து, புருஷன் கையில் மாட்டிவிட்டார். கடைக்காரப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. மாற்றித் தருவதாகச் சொல்லி, மேசையில் வரிசையாகக் கேமராக்களை வைத்து, "இது ரொம்பத் தூரத்துல இருக்கறதைக்கூடப் பக்கத்துல காட்டும் சார்" என்று ஆரம்பித்தாள்.

"எம் பொண்டாட்டி கைநீட்டுற தூரத்துல இருக்கா. பக்கத்துல இருக்கறதை முழுசாக் காட்டுமா?" என்றார் காதுக்காரர். கடைக்காரப் பெண் அதை எடுத்து உள்ளே வைத்தாள்.

"கண்ணை மூடுங்க" என்றார் டிரைவரம்மா. "இடது கையால இந்தக் கம்பியைப் பிடிங்க. உடம்பைப் பின்னால சாய்ங்க. இன்னும். வலது கையால மட்டும் கேமராவை எடுத்து, பின்பக்கமா நீட்டி அமுக்குங்க."

காதுக்காரர் அந்தக் கடையின் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதி உடம்பு நடைபாதையில் தொங்க, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கேமராவாக அமுக்கிப் பார்த்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒன்றில் பொத்தான் கடுகு மாதிரி இருந்தது, உறை போட்ட விரலுக்குத் தட்டுப்படவில்லை. ஒன்று ஈரக் கையில் வழுக்கியது. ஒன்றை அமுக்கினால் அது யோசித்து யோசித்து எடுத்தது. அதற்குள் அலை ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கடைசியில் மேசை ஓரத்தில் கிடந்த மஞ்சள் நிறக் கேமரா ஒன்றை டிரைவரம்மாவே எடுத்து அவர் கையில் வைத்தார். சோப்புக்கட்டி அளவு, மேலே பெரிய பொத்தான், திரை தொடுவதற்கு இல்லை, பார்க்க மட்டும். கையில் மாட்டும் பட்டை மிதக்கிற ஸ்பாஞ்சு. அமுக்கியதும் டக்கென்று எடுத்தது.

கடைக்காரப் பெண் சங்கடப்பட்டாள். "சார், அது சின்னப் பிள்ளைங்க நீச்சல் குளத்துக்கு வாங்குறது. நீங்க தொழில்காரர்னு சொன்னீங்க."

காதுக்காரருக்குச் சுருக்கென்றது. அந்தக் கேமரா எடுக்கும் படத்தின் தரம் அவருக்குத் தெரியும். அவர் கடையில் யாராவது அதைக் கொண்டுவந்தால் சிரித்திருப்பார். ஆனால் ஆவி படிந்த பையும் கடல் எடுத்த படங்களும் நினைவுக்கு வந்தன. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம், நமக்கு மஞ்சள் சோப்பு என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. லென்ஸ் மேல் துளி நின்றால் படம் கெடும். மீட்புப் படகில் போகிறவர்கள் லென்ஸை நாக்கால் ஒரு நக்கு நக்கிக்கொள்வார்கள், எச்சில் பட்ட கண்ணாடியில் துளி நிற்காமல் பரவிப் போகும் என்று மச்சான் சொல்லியிருந்தான். இதன் கண்ணாடி உள்ளே குழிந்திருக்கிறதா, நாக்குக்கு எட்டுமா? அவர் கேமராவை வாய்க்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்தார். எட்டியது.

கடைக்காரப் பெண் மற்றக் கேமராக்களை அவருக்கு எட்டாமல் தள்ளி வைத்தாள். பிறகு, "இனிமே அதை நீங்கதான் சார் எடுத்துக்கணும்" என்றாள்.

பருவத்தின் கடைசிப் போட்டி நாளில் டிரைவரம்மாவும் பல் டாக்டர் ஒருவரும் புள்ளிகளில் சமமாக நின்றார்கள். அன்றைக்கு யார் முந்துகிறாரோ அவருக்குத்தான் பருவம். பல் டாக்டர் நல்ல மனிதர், நல்ல படகு, முன்னால் அவருடைய மகள் கல்லுத்தூண் மாதிரி உட்கார்ந்திருந்தாள். காற்று காலையிலிருந்தே முறுக்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் கேமராவை லைஃப் ஜாக்கெட்டோடு கட்டிக்கொண்டு காதுக்காரர் ஏறியபோது டாக்டர், "என்ன சார், பொம்மையெல்லாம் எடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றார். காதுக்காரர் பதிலுக்கு லென்ஸை நக்கிக் காட்டினார்.

கடைசி மிதவையைத் தாண்டி, காற்றுக்கு எதிராக முடிவுக்கோட்டை நோக்கி ஏறும்போது இரண்டு படகுகளும் ஒட்டி ஒட்டிப் போயின. ஓர் இடத்தில் மேகம் விலகியது. காதுக்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். டிரைவரம்மாவின் முகம் பக்கவாட்டு வெயிலில் நிலவு மாதிரி அமைதியாக இருந்தது, ஸ்டூடியோவில் எத்தனை விளக்கு வைத்தாலும் கிடைக்காத வெளிச்சம். கை தானாகக் கேமராவுக்குப் போயிற்று. அதே நொடியில் "திருப்பறேன், இழுங்க" என்று குரல் வந்தது.

கேமராவை விட்டார். அது கயிற்றில் தொங்கித் தொப்பையில் இடித்தது. முன்பாயின் கயிற்றை இரண்டு கையாலும் வாரி இழுத்து, குனிந்து மறுபக்கம் பாய்ந்து, படகின் அடியில் கட்டியிருந்த பட்டைக்குள் காலை மாட்டி, தண்ணீருக்கு மேல் முதுகைச் சாய்த்தார். வெளிச்சம் போய்விட்டது. அந்தப் படம் போனால் போகிறது, இந்தக் கயிற்றை விட்டால் பருவமே போய்விடும் என்று அவர் தன்னையே அதட்டிக்கொண்டார்.

அப்போதுதான் பெரிய வீச்சு வந்தது. டாக்டரின் படகு தடுமாறியது. டிரைவரம்மா தடுமாறவில்லை; அவருக்கு அது வருவது முன்பே தெரிந்திருந்தது. "சாய்ங்க, சாய்ங்க, இன்னும் சாய்ங்க" என்று பின்னாலிருந்து கத்தினார். காதுக்காரர் கயிற்றை, அது நழுவாமல் கவ்விக்கொள்ளும் பல்லிடுக்கியில் மாட்டிவிட்டு, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு, தலை தண்ணீரைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்தார். வலது கை காலியாக இருந்தது. அவரால் திரும்பிப் பார்க்க முடியாது. திரும்பினால் பாரம் உள்ளே வந்துவிடும். கண்ணை முன்பாயில் வைத்துக்கொண்டு, மஞ்சள் கேமராவைத் தடவி எடுத்து, ஒரு நக்கு நக்கி, கையைப் பின்பக்கமாக நீட்டி அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார். வாழ்க்கையில் ஒரு தடவைகூடச் சட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பொத்தானைத் தொட்டதில்லை அவர். இங்கே பார் என்று சொல்லவும் இல்லை.

டாக்டரின் படகைவிட அரைப் படகு முன்னால் கோட்டைத் தாண்டினார்கள்.

வீட்டுக்கு வந்து, உடை மாற்றிக்கொள்ளக்கூடப் பொறுமையில்லாமல், காதுக்காரர் கடையைத் திறந்து பெரிய திரையில் படங்களைப் போட்டார். டிரைவரம்மா தலையைத் துவட்டியபடி பின்னால் வந்து நின்றார். வானம். வானம். ஒரு கயிறு. காதுக்காரரின் காது, மிகத் தெளிவாக. மறுபடி வானம். பிறகு ஒரு படம் வந்தது, அதற்கு மேல் அவர் நகர்த்தவில்லை.

அவர் தொழிலின் சட்டப்படி அந்தப் படத்தில் சரியாக ஒன்றுமே இல்லை. தலை சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. ஈர முடி ஒரு காதை மறைத்திருந்தது. ஆனால் படம் நிறைய டிரைவரம்மா இருந்தார். ஒரு கையில் சுக்கான் பிடி, மறு கையில் பாயின் கயிறு, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, முகத்துக்குக் குறுக்கே தண்ணீர் பறந்தது. கண்கள் மேலே, பாயின் ஓரத்தில், அசையாமல் நின்றன. அந்தக் கண்ணைப் பார்த்தால் காற்றே கொஞ்சம் யோசித்துத்தான் அடிக்கும். இவள் என் பெண்டாட்டி என்று காதுக்காரர் தனக்குள் சொல்லிக்கொண்டார். ஊர் முழுக்கக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது.

"என்ன இது, வாய் இவ்வளவு பெரிசாத் திறந்திருக்கு" என்றார் டிரைவரம்மா.

"என்னைத் திட்டிட்டு இருந்த."

டிரைவரம்மா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் ஓட்டும்போது இப்படியா இருக்கேன்?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு, "பெரிசாவே போடுங்க" என்றார்.

பெரிதாகவே போட்டார்கள். பக்கத்தில் இருந்த பாயையும் தொப்பையையும்விட இரண்டு மடங்கு. கிளப் செயலாளர் தானே ஏணியில் ஏறி மாட்டினார். மறு பருவம் தொடங்கிய நாள், டிரைவரம்மா ஒற்றை ஆள் படகைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போன பிறகு, காதுக்காரர் உலர்ந்த சட்டையோடு கூடத்தில் நின்றார். கிளப்பில் சேர வந்திருந்த ஒரு தம்பதி சுவரைப் பார்த்துக்கொண்டே வந்து அந்தப் படத்தின் முன்னால் நின்றார்கள். இந்தத் தடவை யாரும் அவரிடம் கை குலுக்க வரவில்லை.

"இவங்கதான் சாம்பியன் போல" என்றாள் மனைவி.

"படம் நல்லாத்தான் இருக்கு" என்றார் கணவர். காதுக்காரர் பக்கம் திரும்பி, "ஆனா கேமராவைப் பாக்கலையே சார். எடுத்தவர் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

காதுக்காரர் படத்தை ஒரு தடவை பார்த்தார்.

"அவங்களுக்கு வேலை இருந்துச்சு" என்றார்.